புண்ணும் புழுவும்: செவிலியர் மனநிலையும் கிராமத்தார் கடமையும்

ஒரு கிராமத்தின் முன்னேற்றத்தைச் சாலை, பாலம், பள்ளிக்கூடம், குடிநீர்த் தொட்டி ஆகியவற்றைக் கொண்டு அளப்பது வழக்கம். நோயுற்றுக் கிடக்கும் ஒருவரை அவ்வூரார் எவ்வாறு நடத்துகின்றனர் என்பதும் ஓர் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது. அதிலும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணோடு, அதன் நாற்றத்திற்கு நாணி, திண்ணை ஓரத்திலோ மாட்டுக்கொட்டிலை அடுத்த சார்ப்பிலோ ஒதுங்கியிருக்கும் முதியவரை ஊரார் எவ்வாறு நடத்துகின்றனர் என்பது அவ்வூரின் உண்மையான வளர்ச்சியைக் காட்டிவிடும்.

அத்தகைய புண்ணில் புழு கண்டுவிட்டால் வீட்டார் கலங்குகின்றனர். அண்டை அயலார் விலகுகின்றனர். மருத்துவமனையிலுங்கூட முகஞ்சுளிப்பவர் உண்டு. ஆனால், அதே ஈப்புழுவைத் தூய்மையான முறையில் வளர்த்து, மருத்துவர் கண்காணிப்பில் ஆறாத புண்ணில் வைத்து, அழுகிய சதையை அகற்றும் சிகிச்சை ஒன்று மேனாடுகளிலும் மலேசியாவிலும் கையாளப்பட்டு வருகிறது என்றால் நம்மில் பலர் வியப்படைவர். அச்சிகிச்சை யாது, அதனைச் செய்ய வேண்டிய செவிலியர் அதைப் பற்றி என்ன எண்ணுகின்றனர், அதிலிருந்து கடலூர், சிதம்பரம் பகுதியில் வாழும் நாம் கற்க வேண்டுவன யாவை என்பவற்றை இப்பாடத்தில் முறையே ஆராய்வோம்.

ஆறாத புண் என்பது யாது?

வயல் வேலையில் ஏற்படும் சிறு வெட்டும் சிராய்ப்பும் பெரும்பாலும் இரண்டொரு வாரங்களில் ஆறிவிடும். நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகியும் ஆறும் குறி தோன்றாத புண்ணை ஆறாத புண் எனக் கொள்ளலாம். நம் பகுதியில் இத்தகைய புண்ணுக்குப் பெருங்காரணமாக இருப்பது நீரிழிவு. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று தெரிவித்தது. இது நகரத்துச் செல்வர் நோய் என்ற பழைய எண்ணம் இனிச் செல்லாது. உழவர் குடும்பங்களிலும் மீனவர் குடும்பங்களிலும் அது புகுந்துவிட்டது.

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் கெடுகின்றன. முள் தைத்தாலும் அறுத்த தாள் குத்தினாலும் வலி தெரியாது. இரத்தக் குழாய்கள் குறுகுவதால் புண்ணுக்கு வேண்டிய இரத்தமும் செல்லாது. சர்க்கரை மிகுந்த உடலில் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் குறைந்துவிடும். இம்மூன்றும் சேர்ந்தவிடத்தில் ஒரு சிறு கொப்புளம் பெரும்புண்ணாக மாறுவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை.

காட்டுமன்னார்கோவில் பக்கத்து உழவர் ஒருவரை உதாரணத்திற்காக எண்ணிப் பார்ப்போம். நடவுக் காலத்தில் நாள் முழுதும் சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறார். விரலிடுக்கில் சேற்றுப்புண். வலியில்லாமையால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அறுவடை வரட்டும், கையில் காசு வந்தபின் காட்டலாம் என்று நாளைக் கடத்துகிறார். அறுவடை முடிவதற்குள் விரல் கறுத்துவிடுகிறது. பரங்கிப்பேட்டையிலோ கிள்ளையிலோ படகிலிருந்து இறங்கும் மீனவருக்குச் சிப்பி கீறினாலும் கதை இதுவே. தொழுநோயால் உணர்ச்சி குன்றிய பாதங்களிலும், யானைக்கால் கண்டு வீங்கிய கால்களிலும், நெடுநாள் படுக்கையில் கிடப்பவரின் இடுப்பிலும் முதுகிலும் இவ்வாறே ஆறாத புண்கள் உண்டாகின்றன.

இப்புண்கள் ஆறாமைக்கு ஒரு முக்கிய காரணம், அவற்றின்மேல் படிந்திருக்கும் செத்த சதை. அஃது இருக்குமளவும் அடியில் புதுச்சதை வளர இடமில்லை. கிருமிகளுக்கோ அது நல்ல உணவு. களையெடாத வயலில் இட்ட எருவைக் களையே உண்பதுபோல், செத்த சதை நீக்கப்படாத புண்ணில் எத்தனை மருந்து இட்டும் பயன் குறைவே. ஆகவே புண்ணைத் துப்புரவு செய்வது சிகிச்சையின் முதற்படி. மருத்துவர் கத்தி கொண்டு அகற்றுவது, ஈரப்பசை மருந்திட்டு இளக்கி எடுப்பது எனப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே ஈப்புழுச் சிகிச்சை.

நாம் அறிந்த புழு

கால்நடை வளர்க்கும் நமக்குப் புண்ணில் விழும் புழு புதியதன்று. கன்று ஈன்றவுடன் அதன் தொப்புளிலும், எருதின் கொம்படியிலும், நுகத்தடி உராய்ந்த கழுத்துப் புண்ணிலும் ஈ மொய்த்து, இரண்டொரு நாளில் புழு நெளிவதைக் காணாத உழவர் இல்லை. வேப்பெண்ணெயும் கர்ப்பூரமும் கலந்து இடுவதும், சீத்தா இலையை அரைத்து அப்புவதும் நம் முன்னோர் கண்ட கைவைத்தியங்கள்.

கால்நடைகளைத் தாக்கும் புழுக்களுள் மிகக் கொடியது கிரைசோமியா பெசியானா என்னும் ஈயின் புழு. இந்த ஈ புண்ணின் விளிம்பில் ஒரு தடவையில் ஏறத்தாழ 100 முதல் 250 முட்டைகள் வரை இடுகிறது. ஒரு நாளுக்குள் அவை பொரிந்து, புழுக்கள் தலைகீழாக உயிருள்ள சதையைத் துளைத்து உள்ளே செல்கின்றன. ஐந்து முதல் ஏழு நாள் வரை தின்று கொழுத்தபின் தரையில் விழுந்து கூட்டுப்புழு ஆகின்றன. கவனிப்பாரற்ற மனிதப் புண்ணிலும் இது விழக்கூடும். ஆதலின், புண்ணில் புழு கண்டால் அஞ்சுவது அறியாமையன்று. அனுபவம் தந்த அறிவே.

எனினும், ஈக்கள் எல்லாம் ஒரே வகையல்ல. லுசிலியா செரிக்காட்டா எனப்படும் பச்சை ஈயின் புழு பெரும்பாலும் செத்த சதையையே உண்டு வாழ்வது. மருத்துவத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது இதுவே. இதற்கும் ஒரு வரம்பு உண்டு. இவ்வினத்து ஈக்களே சில நாடுகளில் ஆடுகளின் தோலைத் தாக்கித் தீங்கு செய்கின்றன. எனவே, புழு நல்லது என்றோ தீயது என்றோ பொதுப்படக் கூறுவதற்கில்லை. எந்த இனம், எவ்வாறு வளர்க்கப்பட்டது, எத்தனை வைக்கப்பட்டது, எத்தனை நாள் இருந்தது, யார் கண்காணித்தார் என்பனவே நன்மையையும் தீமையையும் நிர்ணயிக்கின்றன. தெருவில் பறக்கும் ஈ தானாக வந்து இட்ட முட்டையில் பிறந்த புழு ஒருபோதும் மருந்தாகாது.

போர்க்களம் கற்பித்த பாடம்

நெப்போலியனின் படையில் மருத்துவராக இருந்த லாரே என்பவர், 1798 முதல் 1801 வரை நடந்த எகிப்து, சிரியா படையெடுப்பின்போது வீரர்களின் புண்களில் விழுந்த புழுக்கள், தொல்லை தந்தபோதிலும், அழுகிய சதையை மட்டும் நீக்கிப் புண் ஆறுவதற்குத் துணை செய்வதைக் கண்டு எழுதினார்.

முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டில், வில்லியம் பேர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரிடம் இரண்டு வீரர்கள் கொண்டுவரப்பட்டனர். தொடை எலும்பு முறிந்து, வயிற்றிலும் காயம்பட்டு, ஏழு நாட்கள் அன்னமும் நீருமின்றிப் போர்க்களத்தில் கிடந்தவர்கள் அவர்கள். அக்காலத்தில் அத்தகைய காயமுற்றோர் பிழைப்பது அரிது. ஆனால் இவர்களுக்குக் காய்ச்சலில்லை. ஆடையை அகற்றியபோது காயங்களில் ஆயிரக்கணக்கான புழுக்கள் நெளிந்தன. அவற்றைக் கழுவி நீக்கியபின் அடியில் இளஞ்சிவப்பான புதுச்சதை காணப்பட்டது.

அக்காட்சியைப் பேர் மறக்கவில்லை. பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில், எலும்பில் சீழ்வைத்து நெடுங்காலம் வருந்திய 21 நோயாளிகளுக்குப் புழுச் சிகிச்சை செய்து நற்பலன் கண்டார். இடையே ஓர் ஆபத்தும் வெளிப்பட்டது. தூய்மையற்ற புழுக்களால் ரணஜன்னிக் கிருமிகள் புண்ணில் புகுந்தன. அதன்பின் ஈயின் முட்டைகளைக் கிருமி நீக்கி வளர்க்கும் முறையை அவர் வகுத்தார். 1930ஆம் ஆண்டுகளின் இடையில் அமெரிக்காவில் 300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இம்முறையைக் கைக்கொண்டிருந்தன. 1940ஆம் ஆண்டுகளில் பெனிசிலின் முதலான மருந்துகள் பரவியபின் இது மறக்கப்பட்டது.

பின்னர், அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகவே, பழைய முறை மீண்டும் நினைவுக்கு வந்தது. கலிபோர்னியாவில் ரொனால்டு ஷெர்மன் என்ற மருத்துவர் 1989ஆம் ஆண்டு முதல் இதனை மறுபடி ஆராய்ந்தார். 1995ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் பிரிட்ஜெண்ட் நகரில் தூய புழுக்களை வளர்த்து வழங்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி வழங்கியது. நம்மைப் போன்ற வெப்ப நாடாகிய மலேசியாவில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அங்கு கிடைக்கும் லுசிலியா குப்ரினா என்னும் ஈயைக் கொண்டு இம்முறையை வளர்த்தனர்.

புழு எவ்வாறு வேலை செய்கிறது?

கிருமி நீக்கிய முட்டையிலிருந்து வெளிவந்த, ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்கள், புண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 5 முதல் 10 வரை என்ற கணக்கில் வைக்கப்படுகின்றன. அவை வெளியேறாதபடி நுண்ணிய வலைத்துணி கொண்டு மூடப்படும். மற்றொரு முறையில், மெல்லிய வலைப்பைக்குள் புழுக்களை அடைத்து அப்பையைப் புண்ணின்மீது வைப்பர். இதில் புழு நோயாளியின் உடம்பில் ஊர்வதில்லை.

புழுவுக்கு நம்மைப் போலக் கடித்து மெல்லும் பற்கள் இல்லை. அது தன் வாயிலிருந்து கரைப்பான்களைச் சுரந்து, செத்த சதையைக் கூழாக்கி உறிஞ்சுகிறது. அக்கூழோடு சேர்ந்து வரும் கிருமிகளும் அதன் குடலில் பெரும்பாலும் அழிகின்றன. கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் அச்சுரப்பில் இருப்பதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இரண்டு மூன்று நாட்களில் புழுக்கள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்திற்குக் கொழுத்துவிடும். அப்போது செவிலியர் அவற்றைக் கழுவி நீக்கி, இரட்டைப் பையில் கட்டி, மருத்துவக் கழிவாக அழித்துவிடுவர். புழு புண்ணிலேயே முட்டையிட்டுப் பெருகும் என்ற அச்சம் வேண்டாம். முட்டையிடுவது சிறகு முளைத்த ஈயே. புழுவால் அஃது இயலாது.

எல்லோருக்கும் இச்சிகிச்சை பொருந்தாது. இரத்தம் உறையாத கோளாறு உடையவர்களுக்கும், பெரிய இரத்தக் குழாயை ஒட்டிய புண்களுக்கும், விரைவாகப் பரவும் சீழ் உள்ளவிடத்தும் இதனை நம்பியிருத்தல் கூடாது.

செவிலியர் மனத்தில் நிகழ்வது

இனி, இப்பாடத்தின் முக்கிய பகுதிக்கு வருவோம். ஒரு சிகிச்சை எவ்வளவு நல்லதாயினும், அதனை நாள்தோறும் கையால் செய்பவர் செவிலியர். புழுவை எண்ணி வைப்பதும், சுற்றியுள்ள நல்ல தோலைக் களிம்பிட்டுக் காப்பதும், கசியும் நீரால் நனைந்த மேற்கட்டை நாள்தோறும் மாற்றுவதும், வலியைக் கவனித்து மருத்துவரிடம் கூறுவதும், இறுதியில் ஒரு புழுவும் தங்காமல் எடுத்துவிடுவதும் அவர் பொறுப்பு. அவர் மனம் ஒப்பவில்லையேல் சிகிச்சை நடவாது.

வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி பல்கலைக் கழகத்தார் செவிலியரிடையே கருத்துக் கேட்டபோது, புழுவை அருவருப்பவரும் அதன் அருகே செல்ல விரும்பாதவரும் கணிசமாக இருப்பது தெரிந்தது. இந்த அருவருப்பைப் போக்குவதற்கென்றே, 'புழுவை நேசி' என்று பொருள்படும் பெயரில் அவர்கள் ஓர் இயக்கம் நடத்தி வருகின்றனர். பயிற்சியில் தேர்ந்த செவிலியருக்கும் இத்தகைய மனத்தடை இருக்குமா என்று நாம் கேட்கலாம். இருப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு.

முதலாவது, அருவருப்பு மனிதனுக்கு இயற்கை தந்த காவல். அழுகலும் புழுவும் உள்ள இடத்தை விட்டு விலகியதனாலேயே மனித இனம் பல நோய்களினின்றும் தப்பியது. வெள்ளைச் சீருடை அணிந்ததனால் அவ்வுணர்ச்சி மறைந்துவிடாது.

இரண்டாவது, செவிலியர் பெற்ற கல்வியே புழுவுக்கு எதிரானது. ஈயை அண்டவிடாதே, புண்ணை மூடிவை, கருவிகளைக் கொதிநீரிலிட்டுத் தூய்மை செய் என்று முதல் நாள் முதல் அவருக்குக் கற்பிக்கப்படுகிறது. நோயாளியின் புண்ணில் புழு காணப்பட்டால் அது வார்டுக்கே இழுக்கு. பணியிலிருந்த செவிலியர் விளக்கம் கூற நேரும். அவ்வாறு பழகிய கையிடம் புழுவை எடுத்துக் கொடுத்து, இதனைப் புண்ணில் வை என்றால், மனம் தயங்குவது இயல்பேயன்றோ?

மூன்றாவது, புழு தப்பிப் படுக்கையில் ஊர்ந்தால் என்னாகும், நோயாளிக்கு வலி மிகுந்தால் யார் பொறுப்பு, உறவினர் சினந்து பூசலிட்டால் என் செய்வது என்ற நடைமுறைக் கவலைகள். இவை வெறும் கற்பனைகளல்ல.

நான்காவது, நம் தமிழ்நாட்டிற்குச் சிறப்பாக உரியது ஒன்று உண்டு. நம் மொழியில் 'புழுத்துப் போவாய்' என்பது கொடிய சாபம். புழு கண்ட புண்ணைப் பாவத்தின் பலன் எனக் கருதும் வழக்கம் கிராமங்களில் முற்றும் மறையவில்லை. செவிலியரும் இம்மண்ணில் பிறந்து வளர்ந்தவரே. புழுவை மருந்தென்று அவர் நோயாளியிடம் சொல்லப் புகும்போது, சொற்களுக்கிடையே அச்சாபமும் வந்து நிற்கிறது.

இவ்வாராய்ச்சிகள் இன்னும் இரண்டு உண்மைகளைக் காட்டுகின்றன. ஒன்று, இச்சிகிச்சையை அறிந்தவர்களும் ஒருமுறையேனும் செய்து பார்த்தவர்களும் அதனை எளிதில் ஏற்கின்றனர். அறியாதவர்களே மிகுதியாகத் தயங்குகின்றனர். அருவருப்பு அறிவுரையால் தீர்வது சிறிது. மூத்த செவிலியர் ஒருவர் அருகிலிருந்து செய்துகாட்டக் காண்பதால் தீர்வது பெரிது. மற்றொன்று, நோயாளிகள் பல சமயங்களில் செவிலியரைக் காட்டிலும் துணிவாக இதனை ஏற்கின்றனர். காலை இழக்கும் நிலைக்கு வந்தவர், புழுவைக் கண்டு அஞ்சுவதைவிடக் கத்தியைக் கண்டே அஞ்சுகிறார். ஆயினும், செவிலியர் முகம் சுளித்தால் நோயாளியின் துணிவும் தளர்ந்துவிடும். நோயாளி முதலில் படிப்பது மருந்துச்சீட்டை அன்று, செவிலியரின் முகத்தையே.

மிகைப்படுத்தல் கூடாது

புதுமை ஒன்றைக் கேட்டதும் அதுவே சகல ரோக நிவாரணி என்று கொண்டாடுவதும் தவறு. பிரிட்டனில் காற்புண் உடைய 267 பேரைக் கொண்டு நடத்தி 2009ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், புழுச் சிகிச்சை பெற்றோரின் புண், ஈரப்பசை மருந்திட்டோரின் புண்ணைவிட விரைவில் துப்புரவாயிற்று. ஆனால், புண் முழுதும் ஆறுவதற்கு ஆன காலத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. வலியும் புழுச் சிகிச்சையில் மிகுதியாக இருந்தது. மலேசியாவில் நீரிழிவுப் பாதப்புண் உடையோரிடம் செய்யப்பட்டு அதே ஆண்டு வெளிவந்த ஆய்வு, இம்முறை வழக்கமான அறுவைத் துப்புரவுக்கு ஒப்பாகவே பயன் தருகிறது என்று கூறியது.

எனவே நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவாகும்: ஈப்புழு புண்ணைத் துப்புரவு செய்யும் கருவிகளுள் ஒன்று. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், இரத்த ஓட்டத்தைச் சரிசெய்வதும், புண்ணின்மேல் பாரம் விழாமல் காப்பதும், நல்லுணவு தருவதும் இன்றி எக்கருவியும் புண்ணை ஆற்றாது. களையெடுத்தபின் நீரும் எருவும் இன்றேல் பயிர் விளையுமா?

நம் பகுதிக்கு இதனால் என்ன?

இச்சிகிச்சை நம் நாட்டில் இன்னும் பரவலான வழக்கத்திற்கு வரவில்லை. கடலூரிலோ சிதம்பரத்திலோ உள்ள மருத்துவமனைக்குச் சென்று புழு வைக்குமாறு யாரும் கேட்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால், ஆராய்ச்சிக்கு ஏற்ற சூழ்நிலை நம் பகுதியில் அமைந்திருப்பதை எண்ணிப் பார்க்கலாம். 1929ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் வேளாண் மாணவர் பூச்சியியல் பயில்கின்றனர். அதே அண்ணாமலை நகரில், 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுப் பின்னர் அரசின் மருத்துவத் துறை ஏற்றுக்கொண்ட கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், இராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் உள்ளன. ஈயை அறிந்தவரும், புண்ணை அறிந்தவரும், நோயாளியை அறிந்தவரும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊர்கள் பலவல்ல. உரிய அனுமதியோடு இத்தகைய ஆராய்ச்சி என்றேனும் நிகழுமாயின், அது செவிலியர் மனநிலையை அறிவதிலிருந்தே தொடங்குதல் நலம்.

ஆராய்ச்சி வருமளவும் காத்திருக்க வேண்டாத பாடம் ஒன்று இன்றே நமக்கு இருக்கிறது. மருந்தாக வைக்கப்பட்ட புழுவைக் கண்டே தேர்ந்த செவிலியர் தயங்குவாராயின், தானாகப் புழு விழுந்த புண்ணோடு வரும் நம் கிராமத்து ஏழையை எதிர்கொள்வது அவருக்கு எவ்வளவு கடினம்! அவ்வேழையும் இதனை உணர்ந்தே ஆஸ்பத்திரிக்கு வர நாணுகிறார். இரண்டு பக்கத்திலும் உள்ள நாணமும் அருவருப்பும் சேர்ந்து நாட்களைத் தின்கின்றன. அந்நாட்களிலேயே பாதத்தை இழப்பதா காப்பதா என்பது முடிவாகிவிடுகிறது. விரலோடு போக வேண்டியது முழங்காலோடு போகிறது. காலை இழந்த உழவரின் நிலத்தை யார் உழுவது? அவர் மகன் படிப்பை விட்டு ஏர் பிடிக்க நேர்ந்தால், ஒரு புண் இரு தலைமுறைகளை வீழ்த்தியதாகும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

ஒன்று: புண் கண்டவரைத் தேடிச் செல்லுதல். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிற்கே மருந்து தரப்பட்டது. படுக்கையில் கிடப்போருக்கு ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடங்கும். சுகாதாரப் பணியாளர் ஊருக்குள் வரும்போது, எந்த வீட்டில் ஆறாத புண் உடையவர் ஒதுங்கியிருக்கிறார் என்பதை வார்டு உறுப்பினர் அறிந்து சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருபவருக்குக் கொல்லைப்புறச் சார்ப்பில் இருப்பவர் தெரியமாட்டார்.

இரண்டு: பாதத்தைப் பார்க்கும் பழக்கம். நீரிழிவு உடைய ஒவ்வொருவரும் இரவில் கால் கழுவித் துடைத்தபின், விரலிடுக்கையும் அடிப்பாதத்தையும் கண்ணாடி கொண்டோ வீட்டார் உதவியாலோ பார்த்துக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு நடத்தல் கூடாது. சேற்றில் செருப்பணிய இயலாத நடவு நாட்களில், கரையேறியவுடன் நல்ல நீரில் கழுவி ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். கொப்புளமோ கீறலோ கண்டால் அறுவடை வரை காத்திராமல், ஒரு நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுதல் வேண்டும். பாதப் பரிசோதனைக்கெனத் தமிழக அரசு 2024ஆம் ஆண்டு 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தையும் அறிவித்தது.

மூன்று: புழு கண்ட புண்ணில் செய்யத்தகாதவை. மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றைப் புண்ணில் ஊற்றுதல் பெருந்தீங்கு. அவை நல்ல சதையையும் எரித்துவிடும். பூச்சிமருந்து உடலில் ஊறி உயிருக்கே உலை வைக்கும். மாட்டுக்கு இடும் மருந்தை மனிதனுக்கு இடுதலும் ஆகாது. தூய துணியால் புண்ணை மூடி, 108 ஊர்தியை அழைத்தோ வேறு வண்டியிலோ சிதம்பரம் அரசு காமராஜர் மருத்துவமனைக்கோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டு செல்வதே முறை. ரணஜன்னித் தடுப்பூசி வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

நான்கு: ஈயைக் குறைத்தல். எருக்குழியை மண்ணிட்டு மூடி வைத்தல், மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் புதைத்தல், குப்பையைத் தெருவில் தேங்கவிடாமை ஆகியவை பஞ்சாயத்தின் அன்றாடக் கடமைகள். புண் உடையவர் கொசுவலைக்குள் உறங்கினால் ஈயும் அண்டாது.

ஐந்து: கால்நடைப் புண்களைக் கவனித்தல். கன்றின் தொப்புளில் மருந்திடுதல், கொம்பு முறிந்தாலும் கழுத்தில் உராய்ந்தாலும் உடனே கட்டுதல், புழு கண்டால் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுதல் ஆகியவை மனிதப் புண்ணுக்கும் காவலாகும். கொட்டிலில் பெருகிய ஈ திண்ணைக்கு வர நேரம் ஆகாது. நடக்க இயலாத கால்நடைக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

ஆறு: செவிலியரை மதித்தல். துணைச் சுகாதார நிலையத்தில் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா, கையுறையும் கட்டுத்துணியும் போதிய அளவில் உள்ளனவா என்று பஞ்சாயத்துத் தலைவர் மாதம் ஒருமுறையேனும் கேட்டறிதல் வேண்டும். நாற்றமடிக்கும் புண்ணைத் தண்ணீரில்லாத அறையில் கழுவச் சொல்லிவிட்டு, முகஞ்சுளித்தார் என்று குறைகூறுவது நியாயமாகாது. அருவருப்பை அடக்கிப் பணிசெய்யும் நர்சம்மாவுக்குக் கிராமசபைக் கூட்டத்தில் ஊரார் அறிய நன்றி கூறினால், அந்த ஒரு சொல் பல புண்களை ஆற்றும்.

கிராமசபையில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் ஒரு மாதத்திற்கு மேலாக ஆறாத புண்ணோடு இருப்பவர் எத்தனை பேர்? அவர்களுள் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளாதவர் எத்தனை பேர்?

2. புண்ணின் நாற்றத்தால் வீட்டுக்கு வெளியே தங்க வைக்கப்பட்டவர் எவரேனும் உளரா? அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை யார் ஏற்பது?

3. நடவுக் கூலிக்குச் செல்லும் பெண்களுக்கு, கரையேறியவுடன் கால் கழுவ நல்ல நீர் கிடைக்க யாது வழி?

4. துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியர் தடையின்றிப் பணி செய்யப் பஞ்சாயத்து உடனே செய்து தரக்கூடியவை யாவை?

போர்க்களத்தில் ஏழு நாள் கிடந்த இருவரின் காயத்தைக் கண்டு முகம் திருப்பாமல், அடியில் இருந்தது என்ன என்று உற்று நோக்கினார் ஒரு மருத்துவர். அந்நோக்கிலிருந்தே ஒரு சிகிச்சை பிறந்தது. நம்மிடம் அத்தகைய மருத்துவக் கல்வி இல்லாமலிருக்கலாம். ஆனால் முகம் திருப்பாமல் பார்ப்பதற்குக் கல்வி வேண்டுவதில்லை. அடுத்த கிராமசபை கூடுவதற்குள், நம் வார்டில் புண்ணோடு ஒதுங்கியிருக்கும் ஒருவரையேனும் கண்டு, அவரைச் செவிலியரிடம் அழைத்துச் செல்வோமாக.